வாசலில் இரண்டு இருளாயி

முன்னொரு காலத்தில், கதவுகள் பிறந்து சந்தேகமும் கூடவே பிறந்துவிட்ட காலத்தில், உப்பங்காடு என்றொரு நாடு இருந்தது. அங்கே கரிமுகன் என்ற மந்திரவாதி திரிந்தான். நீங்கள் யாருக்காக ஏங்குகிறீர்களோ, அவர் முகத்தைப் போட்டுக்கொண்டு வருவான். உங்கள் நெஞ்சில் உள்ளதையே எடுத்து உங்களிடம் பேசுவான். கதவைத் திறந்து கையைத் தொட்டீர்களோ, நின்ற இடத்தில் உப்புச்சிலை!

சலவைக்காரர் திறந்தார், சிலையானார். மந்திரி திறந்தார், சிலையானார். மகாராணியே திறந்தாள், சிலையானாள். மழையில் கரைந்துவிடாமல் இருக்க ஊரார் அவர்கள் தலைக்கு மேல் ஓலை வேய்ந்தார்கள்.

அவனை ஒழிக்க ஒரே வழிதான். முகத்துக்கு நேரே, "நீ கரிமுகன்" என்று சொல்லவேண்டும். ஆள் மாற்றிச் சொன்னால் சொன்னவரே சிலை. ஏங்கிக் கிடந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

அதனால் அங்கே ஒரு வழக்கம். வெளியே குரல் கேட்டால் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை திறக்கமாட்டார்கள். மாயக்குரல் இரண்டு தரத்தோடு நின்றுவிடும் என்று நம்பினார்கள். கரிமுகன் அதையும் கற்றுக்கொண்டு, மூன்று தரம் கூப்பிட்டுத்தான் மகாராணியை ஏமாற்றினான். நம்பலாமா? கூடாது.

அந்த ஊருக்குப் பூட்டு செய்தவள் வடிவுக்கொழுந்து. உப்பு வண்டி ஓட்டிய இருளாயியும் அவளும் மாலை மாற்றிக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். இரண்டு பெண்கள் இப்படி வாழலாமா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. சந்தேகப்பட அவர்களுக்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. ஒரு நாள் இருவருக்கும் சண்டை. இருளாயி வண்டியேறிப் போனாள். போனவள் வரவில்லை. கடற்கரையில் வேறொருத்தி கிடைத்துவிட்டாள் என்று வடிவு முடிவுகட்டி, வருடங்களை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மாதம், அடைமழை. ஓலையெல்லாம் ஒழுகியது. மகாராணியின் மூக்கு நுனி கரையத் தொடங்கியது. அன்று பொழுது சாயும் நேரம் வடிவின் வாசலில் குரல்.

"கொழுந்து! கொழுந்து! கொழுந்து!"

சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தாள். வெளியே இரண்டு இருளாயி! அதே கன்ன மச்சம், அதே கோணல் வகிடு.

"அவன்தான் கரிமுகன். என்னை உள்ளே விடு, கண்ணே" என்றாள் ஒருத்தி.

"கண்ணேயாம்! இத்தனை வருஷத்துல நான் உன்னைக் கண்ணேன்னு கூப்பிட்டிருக்கேனா?" என்றாள் மற்றவள்.

நம்பலாமா? கூடாது. வடிவு உள்ளிருந்தபடியே கேட்டாள்: "மாலை மாற்றின அன்றைக்கு நான் எப்படி இருந்தேன்?"

"மயில்கழுத்துப் புடவையில் தேவதை மாதிரி இருந்தாய்."

"யாரு பார்த்தா? மாலையில கட்டெறும்பு. அது கடிச்ச கடியில எனக்குக் கண்ணே தெரியல."

வடிவின் மனம் முதலாமவள் பக்கம் சாய்ந்தது. "என் சமையல் எப்படி?"

"அமுதம்."

"உப்பு வண்டிக்காரி வீட்டுல உப்பில்லாத குழம்பு. வெளியில சொன்னா சிரிப்பாங்கடி."

வடிவுக்குக் கோபம் வந்தது. மூன்றாவது கேள்வியைக் கேட்டாள்: "என்னை ஏன் விட்டுப் போனாய்?"

முதலாமவள் அழுதாள். "என் தப்புதான். கடற்கரையில் ஒருத்தியிடம் மயங்கினேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை."

எத்தனை வருடமாக இந்தச் சொற்களுக்காக ஏங்கியிருக்கிறாள்! வடிவு தாழ்ப்பாளைத் தொட்டாள்.

மற்றவள் அழவில்லை. "நான் எங்கடி போனேன்? நாலாம் நாளே திரும்பி வந்தேன், உடம்பெல்லாம் காய்ச்சல். இதே வாசல். ரெண்டு தரம் கூப்பிட்டேன். மூணாவதுக்குக் குரல் எழும்பல. உள்ளே நீ அரம் ராவுற சத்தம் மட்டும் நிக்கவே இல்ல."

வடிவின் கை அப்படியே நின்றது. அன்றைக்கு ஒரு குரல் வந்தது. இரண்டு தரத்தோடு நின்றது. மாயம் என்று நினைத்து அவள் வேலையைப் பார்த்தாள்.

முதலாமவள் சொன்னது முழுக்க வடிவின் நெஞ்சில் ஏற்கெனவே இருந்தது, சொல் மாறாமல். எறும்பும் காய்ச்சலும் அங்கே இல்லவே இல்லை. இல்லாததை எவன் எடுத்திருக்க முடியும்?

கதவைத் திறந்தாள். கண்ணீரோடு நின்ற அந்த அழகான முகத்தைப் பார்த்தாள். விடுவதற்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னாள்: "நீ கரிமுகன்."

முகம் உதிர்ந்தது. உள்ளே முகமே இல்லை. கரிமுகன் உப்பாக இறுகி, மழையில் கரைந்து, சாக்கடையோடு போனான். சலவைக்காரர் மூச்சுவிட்டார். மந்திரி தும்மினார். மகாராணி மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "பூட்டுக்காரிக்குப் பத்து ஊர் எழுதிவையுங்கள்" என்றாள்.

வாசலில் இருளாயி நனைந்தபடியே நின்றாள். "ஊரெல்லாம் சிலையாகுதுன்னு கேட்டுத்தான் வந்தேன். கோபம் தீர்ந்து வரல."

"தீர வேண்டாம். கோபத்தோடவே உள்ளே வா."

"இப்ப நம்புறியா?"

"பாதி."

இருளாயி சிரித்துவிட்டாள். வடிவு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஈரத் தலையைத் துவட்டினாள். பிறகு புறங்கையை அவள் நெற்றியில் வைத்து, வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"இப்ப சுடலடி" என்றாள் இருளாயி.

"தெரியும்" என்றாள் வடிவு. கையை எடுக்கவில்லை.

அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, நம் ஊரில் மழை நின்றது, கதையும் கரை சேர்ந்தது.