தூங்கும் கிருமிகளுக்குத் தேன் விருந்து

குளத்துக்கு மேற்கே, ஒரு பாறை இடுக்கில், பொம்மி என்ற கரடி இரண்டு குட்டிகளோடு இருந்தது. ஒருநாள் குட்டிகளுக்காகக் கரையான் புற்றைத் தோண்டப் போனபோது மூங்கில் சிராய் ஒன்று உள்ளங்காலில் ஏறிவிட்டது. சிராயைப் பிடுங்கிப் போட்டாயிற்று. புண் மட்டும் ஆறவில்லை. கால் வீங்கிப் பனங்காய் மாதிரி ஆகிவிட்டது.

தாய் படுத்துவிட்டால் குட்டிகளுக்கு யார் காவல்? சிறுத்தை ஒன்று தினமும் குளத்துக்கு வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் குட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றது.

காட்டுக்கு வைத்தியம் பார்க்கும் சொக்கன் கீரி வந்து, பச்சிலையை மென்று புண்ணில் சாறு பிழிந்தது.

"எரியுதா அக்கா?"

"எரியுது."

"எரிஞ்சா நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனது.

புண்ணுக்குள்ளே கிருமிகள் ஒரு ஊரே கட்டிக் குடியிருந்தன. அந்த ஊருக்குத் தலைவன் கொழுக்கட்டை என்ற உருண்டைக் கிருமி. சாறு இறங்கியதும் அது எழுந்து உட்கார்ந்தது.

"கசப்பு வாடை வருது. எல்லாரும் அடுப்பை அணைங்க. கதவைச் சாத்திட்டுப் படுங்க."

"எனக்குப் பசிக்குதே அண்ணே" என்றது சீரகம். அது ஒல்லியாய், நீளமாய் இருக்கும் இன்னொரு கிருமி.

"போன மழைக்கு வேற ஒரு புண்ணுல இருந்தப்பவும் இதே கசப்பு வந்துச்சு. தின்னுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் போய்ச் சேர்ந்தாங்க. தூங்கின நான் பிழைச்சேன். சோறு வர்ற வாசல் வழியாத்தான் மருந்தும் வரும். பேசாம படு."

ஊர் முழுக்க அடுப்பு அணைந்தது. மருந்து ஒவ்வொரு கதவாய்த் தட்டிப் பார்த்துவிட்டுக் காய்ந்து போனது. காய்ந்த பிறகு கிருமிகள் எழுந்து, கரடியின் காலைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு மறுபடி படுத்தன.

கீரி மறுநாள் இரண்டு மடங்கு ஊற்றியது. அதற்கு மறுநாள் இன்னும் ஊற்றியது. கால் பச்சையானதுதான் மிச்சம்.

"ஏன் தம்பி, நீ வைத்தியம் பார்க்கிறியா, சாயம் முக்குறியா?" என்று கேட்டது பொம்மி.

கீரிக்கு ரோஷம் வந்துவிட்டது. புண்ணில் காதை வைத்துக் கேட்டது.

"அக்கா, உள்ளே குறட்டைச் சத்தம் கேட்குது."

"வலியில எனக்குத் தூக்கம் இல்லை. அதுங்களுக்குக் குறட்டையா?"

"தூங்குறவன் வாயில மருந்து எப்படி இறங்கும்? முதல்ல எழுப்பணும். கொஞ்சம் தேன் குடு."

பொம்மி ஓர் அடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

"தேனா? எந்தத் தேன்?"

"நீ இப்ப மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே, அந்தத் தேன்."

குட்டிகளுக்கென்று பொம்மி ஒளித்து வைத்திருந்த கடைசித் தேனடை அது.

"என் காலைத் தின்னது பத்தலைன்னு என் பிள்ளைங்க தேனையும் அதுங்களுக்கு ஊட்டணுமா? வெற்றிலை பாக்கும் வைக்கட்டுமா?"

"தேனையும் பச்சிலையையும் சேர்த்துக் குழைப்போம். தேனுக்குக் கதவு திறக்கும். கூடவே மருந்தும் நுழைஞ்சிடும்."

"திறக்கலைன்னா?"

கீரி குளத்தைப் பார்த்தது. சிறுத்தை இன்று இக்கரைக்கே வந்து படுத்திருந்தது.

பொம்மி தேனடையில் விரல்நுனி அளவு கிள்ளிக் கொடுத்தது. கீரி நீட்டிய கையை மடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிள்ளியது. கை அப்படியே இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டது.

புண்ணுக்குள்ளே முதலில் மூக்கு விடைத்தது சீரகத்துக்கு.

"அண்ணே, பக்கத்துல எங்கேயோ கல்யாணம்."

"படுடா. சூழ்ச்சி."

"பந்தியே போட்டுட்டாங்க அண்ணே. இலை போட்ட பிறகு எழுந்திரிக்காம இருந்தா மரியாதையா இருக்குமா?"

சீரகம் அடுப்பைப் பற்றவைத்து வாசலை விரியத் திறந்தது. புகையைப் பார்த்துப் பக்கத்து வீடு எழுந்தது. அதைப் பார்த்து எதிர்வீடு. கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கச் சமையல், ஊர் முழுக்கத் திறந்த கதவு. தேன் உள்ளே போனது. தேனோடு பச்சிலைச் சாறும் போனது. தின்ற கிருமிகள் இலையிலேயே சாய்ந்தன.

கொழுக்கட்டை மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தது. புரண்டது. மறுபடி புரண்டது. "வாசனை மட்டும் பார்த்துட்டுச் சாத்திடுறேன்" என்று கதவை ஒரு மயிரிழை திறந்தது. ஒரு சொட்டு வழிந்து வந்தது. நாக்கை நீட்டியது.

"லேசா கசக்குதே" என்றது. அதற்குமேல் அது ஒன்றும் பேசவில்லை.

வீக்கம் வடிந்தது. "வலி போயிடுச்சு தம்பி, மிச்சத் தேனை எடுத்து வச்சிடவா?" என்று அவசரப்பட்டது பொம்மி.

"இரு அக்கா." கீரி மறுபடி காதை வைத்தது. "ஒரு மூலையில இன்னும் குறட்டை கேட்குது." குறட்டை முழுக்க அடங்கும்வரை குழைத்துத் தடவிய பிறகுதான் விட்டது.

மறுநாள் பொம்மி பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, நேரே குளத்துக்கு நடந்தது. சிறுத்தை சட்டென்று தண்ணீரில் வாயை வைத்தது.

"தண்ணி குடிக்கத்தான் வந்தேன் அக்கா."

"குடி. தண்ணியைப் பார்த்துக் குடி."

சிறுத்தை அதற்குப் பிறகு வேறு குளத்துக்குப் போய்விட்டது. குட்டிகள் மிச்சத் தேனை நக்கித் தீர்த்தன.

எதிரி கதவைச் சாத்தியிருக்கும்போது பலத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, அவன் எதற்குக் கதவைத் திறப்பான் என்று அறிந்து செய்வதே கெட்டிக்காரத்தனம்.