கலந்தாய்வுக்குத் துணை

சண்முகக்கனி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கு முதலாவதாக வந்தவள். அறுநூற்றுக்கு ஐநூற்று எண்பத்தேழு. விளாத்திகுளத்தில் அந்தப் பள்ளிக்கூட வாசலில் அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கட்டியிருந்தார்கள்.

மருத்துவ நுழைவுத் தேர்வின் முடிவு வந்த அன்றும் அந்தப் படம் அங்கேதான் தொங்கியது. அந்தத் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண் வெளியே சொல்லும்படி இல்லை. அன்றிலிருந்து அவள் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. கடைக்குப் போவதானால்கூடச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஆடி முடியும் நேரத்தில் கலந்தாய்வுக்கு வரச் சொல்லிச் செல்பேசிக்குத் தகவல் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடங்களுக்கான கலந்தாய்வு. இருக்கிற இடங்களைவிட அதிகம் பேரைக் கூப்பிடுவார்கள். தரவரிசையில் முன்னால் இருப்பவர்கள் யாராவது வராமல்போனால் பின்னால் இருப்பவருக்குக் கிடைக்கும். கனி வெகு பின்னால் இருந்தாள்.

இதை அவள் அப்பா தளவாயிடம் யாரும் விளக்கவில்லை. அவர் மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டை இறக்குகிறவர். கூப்பிட்டுவிட்டார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. அன்று மண்டியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் கனி மரகதம் டீச்சர் வீட்டுக்குப் போனாள். மரகதம் டீச்சருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். கனிக்கு இரண்டு வருடம் விலங்கியல் நடத்தியவர். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. கனிக்குப் பிடிக்கும்.

டீச்சர் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். கனி வாங்கி மடித்தாள்.

"பள்ளிக்கூடப் பரிச்சையப் பாத்தா நான் நல்லாப் படிக்கிற பிள்ள. அந்தப் பரிச்சையப் பாத்தா ஒண்ணுக்கும் ஆகாதவ. இதுல எது டீச்சர் நெசம்?"

"ரெண்டும் நீ எழுதுனதுதான்."

கனி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"எனக்கு எடம் கெடைக்குமா டீச்சர்?"

டீச்சர் மிச்சத் துணிகளையும் எடுத்தார். உள்ளே போய்ச் செல்பேசியை எடுத்து வந்து, சென்னைக்கு ரயிலில் இரண்டு பேருக்குப் பதிவு செய்தார்.

"ஒன்கூட நான் வாரேன். அப்பா வர வேண்டாம்."

"அவரு சட்டையத் தேச்சு வச்சிட்டாரு டீச்சர்."

"நான் வந்து சொல்லுதேன்."

வந்து சொன்னார். தளவாய்க்கு வருத்தம்தான். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுக்கொடுத்தார். ஆனாலும் அந்தத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கோவில்பட்டி ரயில் நிலையம்வரை வந்தார். ரயில் நகரும்போது சன்னலோடு கூடவே நடந்தார்.

"மதுர கெடச்சா மதுரயவே கேளுத்தா. நமக்குப் பக்கம்."

கனி தலையை ஆட்டினாள்.

கலந்தாய்வுக் கூடத்தில் ஒரு பெரிய திரை இருந்தது. எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று அதில் தெரிந்தது. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பிள்ளை எழுந்து போய் ஒரு கல்லூரியைச் சொல்லும். திரையில் அந்தக் கல்லூரிக்கு நேரே ஓர் இடம் குறையும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மதுரை தீர்ந்துபோயிற்று.

பக்கத்து வரிசையில் அரூரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அம்மா, அப்பா, சித்தப்பா, சித்தி என்று ஒரு குடும்பமே அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கனி அவளோடு கொஞ்சம் பேசினாள். திரும்பி டீச்சர் காதில் சொன்னாள்.

"ப்ளஸ் டூவுல என்னைவிட ரொம்பக் கொறச்சல் டீச்சர் இவ."

"கேட்டியா?"

"கேட்டேன்."

"நொழவுத் தேர்வ எத்தனாவது தடவையா எழுதுனான்னு கேட்டியா?"

கனி அதைக் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளோடு சேர்ந்து குடும்பம் முழுவதும் எழுந்து நின்றது. அவள் தருமபுரி என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் அம்மா அழுதுகொண்டே சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தாள். கனி கையிலும் ஒரு துண்டு வைத்தாள்.

அதைத் தின்னவும் முடியவில்லை. கீழே போடவும் முடியவில்லை. உள்ளங்கையில் பிசுபிசுத்தது. டீச்சர் அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு கனி திரையைப் பார்க்கவில்லை. பெயர்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்தாள். கடைசியில் எல்லா இடங்களும் நிரம்பிவிட்டன என்று ஒலிபெருக்கியில் சொல்லி, வந்தவர்களுக்கு நன்றியும் சொன்னார்கள். பின் வரிசைகளில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். ஆட்கள் வந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

"எந்திரி. நாற்காலிய எடுக்கணுமாம்" என்றார் டீச்சர்.

வெளியே வந்ததும் கனிக்கு ஆத்திரம் வந்தது.

"அப்பாவ ஏன் வர வேண்டாம்னு சொன்னீங்க? எங்கூட அவரு இருந்திருப்பாருல்ல?"

"அவரு மொகத்தப் பாத்துக்கிட்டு ஒன்னால உள்ள உக்காந்திருக்க முடியாது."

கனி மதிலோரம் உட்கார்ந்து அழுதாள். டீச்சர் தேற்றவில்லை. பக்கத்தில் நின்றார். வெயில் அவள் மேல் விழுந்தபோது, நிழல் படும்படி நகர்ந்து நின்றார்.

அழுகை ஓய்ந்ததும் கனி அப்பாவைச் செல்பேசியில் கூப்பிட்டாள். இந்த ஒன்றை அவளே செய்தாள்.

"கெடைக்கலப்பா."

அந்தப் பக்கம் மண்டியின் சத்தம் கேட்டது. யாரோ மூட்டையை இறக்கச் சொல்லிக் கத்தினார்கள். தளவாய் சத்தத்தைவிட்டுத் தள்ளி வந்தார்.

"டீச்சர்ட்ட குடு" என்றார்.

டீச்சர் வாங்கிக் கேட்டார். "சரிண்ணே. நான் பாத்துக்கிடுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செல்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா என்ன சொன்னார் என்று கனி கேட்கவில்லை.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வழியில் நின்று கனி கேட்டாள்.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"அன்னைக்கே கெடைக்காதுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தாலும் நீ வந்திருப்ப."

கனி யோசித்தாள்.

"வந்திருப்பேன்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"கெடைக்காதுன்னு தெரிஞ்சும், லீவு போட்டுட்டு எதுக்கு டீச்சர் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

மரகதம் டீச்சர் வழக்கம்போல உடனே பதில் சொல்லவில்லை. பேருந்து ஒன்று வந்து நின்றது. அது அவர்கள் பேருந்து இல்லை. அது போன பிறகு சொன்னார்.

"கெடைக்கிற பிள்ளைகளுக்குத் தொணைக்கு வர ஆளு இருக்குட்டி."