ராணி எழுந்திருக்காத ஆட்டம்

"வாத்தியாரம்மா, எனக்கு அழுகை வரமாட்டேங்குது."

சொன்னவர் வேலாயுதம். நாடகக் கம்பெனியின் ராஜபார்ட். ஊர் ஊராகப் போய் ஜனங்களை அழவைத்தவர், தனக்கு அழுகை வரவில்லை என்று வந்து நிற்கிறார்.

கேட்டுக்கொண்டிருந்தவள் பாகீரதி. கம்பெனிக்குப் பாட்டு எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். ஹார்மோனியமும் அவளே. வேலாயுதத்தைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தான். அவள் எதிரில் அவர் உட்காரமாட்டார்.

"யாருக்காக அழணும், அண்ணே?"

"அமிர்தத்துக்காக."

அமிர்தம் அவர் மனைவி. மேடையிலும் அவள்தான் அவருக்கு ராணி. கடைசிக் காட்சியில் அவர் மடியில் தலைவைத்துப் பாடிக்கொண்டே உயிரை விடுவாள். போன மாதம் காய்ச்சல் வந்து நிஜமாகவே போய்விட்டாள்.

"சுடுகாட்டுல எல்லாரும் அழுதாங்கம்மா. நான் மட்டும் மரமா நின்னேன். எதுக்கோ காத்துக்கிட்டு நிக்கிறோம்னு தோணுச்சு. எதுக்குன்னு தெரியல. வீட்டுக்கு வந்தப்புறந்தான் புரிஞ்சுச்சு."

"எதுக்கு?"

"யாராச்சும் ஒன்ஸ் மோர் கேப்பாங்கன்னு."

பாகீரதி சிரிக்கவில்லை.

சிரிக்க ஒன்றுமில்லை. அப்போதெல்லாம் நாடகத்தில் அது வழக்கம். பாட்டு பிடித்துவிட்டால் ஜனங்கள் ஒன்ஸ் மோர் என்று கத்துவார்கள். ஹார்மோனியம் சுருதி கொடுக்கும். செத்த ராணி எழுந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முதல் அடியிலிருந்து பாடி மறுபடியும் சாவாள். இன்னும் கத்தினால் இன்னொரு தடவையும் சாவாள். பார்க்கிறவர்களுக்கும் கூச்சம் கிடையாது, சாகிறவர்களுக்கும் கிடையாது. பாகீரதிக்கு மட்டும் அதைப் பார்த்தால் முதுகு சில்லிட்டுப்போகும்.

"இன்னமும் அவளுக்கு வெத்தலை மடிச்சு வைக்கிறேன்" என்றார் வேலாயுதம். "அதுகூடப் பரவாயில்ல. ஒரு குரல் கேக்குதும்மா."

"அமிர்தக்கா குரலா?"

"இல்ல. ஆம்பளைக் குரல். கொட்டகையில ஆள் இல்லாத நேரமாப் பாத்து வருது. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்னு தொண்டை கிழியக் கத்துது. திரும்பிப் பாத்தா பெஞ்செல்லாம் காலியாக் கெடக்குது. பயமா இருக்கு."

"அது யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"கழுத்தை நெரிச்சு வாயை மூடவைப்பேன்."

பாகீரதி ஹார்மோனியத்தின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள்.

"இன்னைக்கு ஆட்டத்துல ராணி செத்தா, எந்திரிக்கமாட்டா."

வேலாயுதம் பதறிப்போனார். "ஜனங்க பெஞ்சை உடைச்சுருவாங்கம்மா!"

"உடைக்கட்டும்."

"அவங்க கேட்டா நாம பாடணும். நாடகம்னா அதுதானே?"

"செத்தவங்க எந்திரிச்சு உக்காந்தா, அதுக்கு நாடகம்னா பேரு?"

அவர் அரிதாரம் பூசிக்கொள்ளப் போனார்.

அன்று கொட்டகையில் நல்ல கூட்டம். அமிர்தத்தின் இடத்தில் புதிதாகச் சேர்ந்த சௌந்தரி ராணியாக நடித்தாள். கடைசிப் பாட்டை நன்றாகவே பாடினாள். வேலாயுதத்தின் மடியில் தலை சாய்ந்தது. கண் மூடியது.

"ஒன்ஸ் மோர்!"

கொட்டகை முழுக்கக் கத்தியது. சௌந்தரி சுருதிக்காகக் காத்திருந்தாள்.

பாகீரதி ஹார்மோனியத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுபடியும் கத்தினார்கள். விசில் அடித்தார்கள். யாரோ ஒருவன் மேடையை நோக்கி ஒரு செருப்பை வீசினான். ராணி எழுந்திருக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. ராணி இனி எழுந்திருக்கமாட்டாள் என்பது அவர்களுக்கு மெல்ல உறைத்தது. முன் வரிசையில் ஒரு பெண் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் யாரோ விம்மினார்கள். அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை.

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

அதே ஆம்பளைக் குரல். தொண்டை கிழிந்த குரல்.

வேலாயுதத்துக்கு ஆத்திரம் பொங்கியது. இன்றைக்கு அவனைப் பிடித்துவிட வேண்டும். பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார். தரை டிக்கெட்டில் பார்த்தார். வாசல் பக்கம் பார்த்தார். ஒருவர் வாயும் அசையவில்லை.

எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விம்மியவர்கள்கூட விம்மலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிலர் முகத்தில் பயம் இருந்தது.

குரல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

அவர் பாகீரதியைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மடியில் கிடந்த ராணி மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"ஐயா" என்றாள் வேறு யாருக்கும் கேட்காத குரலில். "நீங்கதான்யா கத்துறீங்க."

குரல் நின்றது.

வேலாயுதம் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். சின்னப் பெண் முகம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது அமிர்தத்தின் முகம் இல்லை.

அவர் தோள் குலுங்கியது. அரிதாரம் கரைந்து அவள் நெற்றியில் சொட்டியது.

"கண்ணை மூடிக்கோம்மா" என்றார்.