முள்ளம்பன்றியின் நாலு கால் மேசை

ஒரு காட்டில், குழந்தைகளே, மேகலை என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். காட்டுக்குப் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். பெயர் தெரிந்து என்ன, அங்கே குடி போகப் போகிறீர்களா?

மேகலைக்கு உடம்பெல்லாம் முள். புலிகூட ஒதுங்கித்தான் போகும். ஆனால் யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது அவளுக்கு.

அவள் வளையின் வாசலில், ஓர் உடைந்த பானையில், ஒரு புளியமரம் வளர்த்தாள். ஒரே ஒரு சாண் உயரம். கிளை நீண்டால் கொறிப்பாள், வேர் நீண்டால் கொறிப்பாள். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. குள்ள மரமானாலும் அடி பெருத்து, பட்டை வெடித்து, கிழட்டு மரம் போலவே நின்றது.

அந்த வருட மழையில் மலை சரிந்து யானைகளின் பழைய பாதை மூடிப்போயிற்று. யானைத் தலைவி புதுப் பாதைக்கு இடம் பார்த்தாள். பாதை நேராக மேகலையின் வளை மேலேயே வந்தது.

"தலைவியம்மா, என் வீடு!" என்று மேகலை கத்தினாள்.

"வீடெல்லாம் கணக்கில் வராது. வழியில் புளியமரம் இருந்தால் மட்டும் சுற்றிப் போவோம். அது எங்கள் கூட்டத்துச் சட்டம்."

"இருக்கிறதே! இதோ, வாசலில்!"

தலைவி கீழே பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள்.

"என் முழங்காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் எனக்குப் புல்தான். கண்ணில் படுகிற மாதிரி உயரத்தில் வை. வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்க்கிறேன்."

வளைக்குப் பக்கத்தில் உயரமான பாறை ஒன்று இருந்தது. மேகலை பானையை அதன் உச்சியில் வைத்தாள். பாறை மேடும் பள்ளமுமாக, மொட்டைத் தலை மாதிரி வழுவழுப்பு. பானை உருண்டது. மறுபடி வைத்தாள். மறுபடி உருண்டது. சரி, காலுள்ள சின்ன மேசை ஒன்று வேண்டும் என்று மரங்கொத்தி ஆசாரியைக் கூப்பிட்டாள்.

ஆசாரி கெட்டிக்காரர். ஒரே குறை, வேலை எதற்கு என்று கேட்கவே மாட்டார். மூக்கைத் தூக்கினால் கொத்து, கொத்து, கொத்துதான்.

மழைவெள்ளம் எங்கிருந்தோ அடித்து வந்து போட்ட புளியங்கிளையை இழுத்து வந்தார். புதன்கிழமை மதியத்துக்குள் பலகை ஒன்று, சாண் உயரக் கால் மூன்று. பாறைமேல் ஏற்றி வைத்தார்கள். மேசை அசையாமல் நின்றது.

"மூன்று கால் எந்த மேட்டிலும் பள்ளத்திலும் நிற்கும் அம்மா. பானையைத் தூக்கி வையுங்கள். வேலை முடிந்தது" என்றார் ஆசாரி.

உண்மையிலேயே முடிந்துதான் போயிருந்தது. கதையும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மேலே கிளையில் மந்தி உட்கார்ந்திருந்தாளே! பிறர் வீட்டில் குறை கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்கு வாய் அரிக்கும்.

"ஏன் மேகலை, மேசைக்கு ஒரு கால் உடைந்துவிட்டதா?"

"இல்லையே, மூன்றுதான்."

"மூன்றா! எனக்கென்னம்மா. வருகிறவள் யானைத் தலைவி. கால் அடிபட்ட நாய் மாதிரி நிற்கிறதே என்று நினைப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்."

மேகலைக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. "ஆசாரி, நாலாவது கால் போடுங்கள்."

கிளை தீர்ந்து போயிருந்தது. ஆசாரி வாகை மரத்தில் ஒரு கால் செதுக்கி மாட்டினார்.

"மூன்று கால் கருப்பு, ஒரு கால் வெளுப்பு," என்றாள் மந்தி. "ஒரு காலுக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தீர்களா? புதுசாக இருக்கிறது. நல்லாத்தான் இருக்கிறது."

அந்த 'நல்லாத்தான்' இருக்கிறதே, அதை மேகலையால் தாங்கவே முடியவில்லை. வாகைக் காலைப் பிடுங்கி எறிந்தாள்.

"புளியமரத்திலேயே வேண்டும்! அதே கருப்பில் வேண்டும்!"

"வேறு புளியமரம் இரண்டு நாள் தூரத்தில் அல்லவா இருக்கிறது? இன்று வியாழன் ஆகிவிட்டது அம்மா."

ஆசாரிக்கு மூக்கு துறுதுறுத்தது. அவர் கண் மெதுவாகப் பானைப் பக்கம் திரும்பியது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அளந்தார். மறுபக்கம் சாய்த்து மறு கண்ணால் அளந்தார்.

"அம்மா, சரியாக ஒரு சாண். தடிமனும் அதே தடிமன். அளவு கொடுத்து வளர்த்தது போல் இருக்கிறது!"

மந்தி கிளையிலிருந்து இறங்கியே வந்துவிட்டாள். மரத்தைத் தடவிப் பார்த்தாள். "அடேயப்பா, என்ன நிறம்! என்ன வைரம்! மேகலை, குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லையடி."

பன்னிரண்டு வருடத்தில் அந்த மரத்தை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. மேகலைக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானே வெட்டித் தருகிறேன்," என்றாள். "வேறு யார் பல் பட்டாலும் பிசிறு தட்டிவிடும்."

ஒரே கடி. வழித்தது போல் வந்தது. இலைகளைக் கொறித்துத் துப்பினாள். ஆசாரி காலை மாட்டினார். நாலு காலும் ஒரே கருப்பு. எது கிளை, எது மரம் என்று மேகலைக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆமாம், இனிமேல் மேசைமேல் எதை வைப்பது?"

"முதலில் மேசை அமைந்ததே என்று சந்தோஷப்படு. எல்லாவற்றையும் இன்றைக்கே யோசித்தால் தலை வலிக்கும்" என்றாள் மந்தி.

வெள்ளிக்கிழமை காலை யானைத் தலைவி கூட்டத்தோடு வந்தாள். பாறைமேல் மேசையைப் பார்த்தாள்.

"அருமை. என்ன நேர்த்தி! சரி, மரம் எங்கே?"

"அதுதான் தலைவியம்மா… அந்த நாலாவது கால்."

தலைவி தும்பிக்கையால் தொட்டுப் பார்த்தாள். "இது கால்."

"நேற்று மத்தியானம் வரை மரமாக இருந்தது!"

"நேற்று மத்தியானம் நான் வரவில்லையே."

"பானையில் வேர் அப்படியே இருக்கிறது. துளிர்த்துவிடும், சத்தியமாக!"

"துளிர்க்கட்டும். துளிர்த்த பிறகு சொல்லி அனுப்பு," என்றாள் தலைவி. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் நேராக வாருங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்த மேசைமேல் யார் உடம்பும் படக் கூடாது. அழகான வேலைப்பாடு."

நாற்பது யானைகள் வளை மேல் வரிசையாக நடந்தன. வாசல் போயிற்று, முற்றம் போயிற்று, சேர்த்து வைத்த கிழங்கெல்லாம் கூழாயிற்று. கடைசி யானைக்குட்டி பானையையும் மிதித்துவிட்டு, மேசைக்கு மட்டும் மரியாதையாக ஒதுங்கிப் போயிற்று.

புழுதி அடங்கியதும் மேகலை வெட்டவெளியில் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மந்தி மேலே கிளையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மேகலை, மேசை லேசாக ஆடுகிறதே, கவனித்தாயா?"

ஆசாரி பறந்து வந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் அளந்தார்.

"பாறை மேடுபள்ளம் அல்லவா? அந்த நாலாவது காலை எடுத்துவிடுங்கள் அம்மா, ஆடாது."

நீதி: எதற்காக ஒரு வேலையைத் தொடங்கினாயோ, அதையே வெட்டி அந்த வேலையை முடிக்காதே.