மூன்று ஓலை பெற்ற யானை

முன்னொரு காலத்தில், பாரமெல்லாம் யானைகளால் நகர்ந்த ஒரு நாட்டை வீரகேது என்னும் அரசன் ஆண்டுவந்தான். ஒருநாள் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்துபோனவன் யானை லத்தியை மிதித்துவிட்டான். திரும்பியதும் ஆணை பிறந்தது.

"குறைவாகத் தின்று, அதிகம் நடந்து, குறைவாக லத்தி போடும் யானைகள் மட்டும் நாட்டில் இருக்கட்டும். மற்றவற்றைக் காட்டுக்கு விரட்டுங்கள்!"

மூன்று சீமைகளிலிருந்தும் கணக்கு வந்தது. ஒரு கட்டுத் தீனிக்குக் கடல்சீமை யானை ஒன்பது கல் தூரம் நடந்தது. சமவெளி யானை ஆறு கல். மலைச்சீமை யானை மூன்றே கல். லத்தியிலும் மலை யானைதான் முதலிடம்.

மலைப்பாகன் கெம்பன் அரசவை விகடகவி கொண்டல்ராயனிடம் ஓடிவந்து அழுதான். "சாமி, எங்க புள்ளைங்களோட வளந்த ஆனைங்க. தொரத்திட்டா நாங்க என்ன பண்ணுவோம்?"

கொண்டல்ராயன் அரசனிடம் போனான். "அரசே, மூன்று சீமைகளும் ஒரேவிதமாகத்தான் அளந்தனவா?"

கடல்சீமையில் பிறந்த தளவாய் மாரபூபதிக்கு விகடகவியைக் கண்டாலே ஆகாது. "ஐயம் இருந்தால், மூன்று சீமைகளிலும் சோதித்து ஓலை பெற்ற யானைகளை ஒரு மாதத்தில் இவர் சபையில் நிறுத்தட்டும். தவறினால் நாட்டைவிட்டு வெளியேறட்டும்" என்றார். அரசனும் சம்மதித்தான். விகடகவிக்கு யாரும் யானை தரக்கூடாது என்று அன்றே தளவாய் ரகசியமாக ஆள் அனுப்பிவிட்டார்.

கொண்டல்ராயனுக்குக் கிடைத்தது கெம்பனின் யானை சோலைமணி ஒன்றுதான். அதைக் கூட்டிக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள்.

மாதம் முடிந்த அன்று ஒற்றை யானையோடு வந்து நின்றவனைப் பார்த்துத் தளவாய் சிரித்தார். "மற்ற யானைகள் எங்கே?"

"எல்லாம் நிற்கின்றனவே! ஒன்பது கல் நடந்த யானைக்குக் கடல்சீமை தந்த ஓலை இது. ஆறு கல் நடந்த யானைக்குச் சமவெளி தந்தது இது. மூன்று கல் நடந்த யானைக்கு மலைச்சீமை தந்தது இது. மூன்றுமே சோலைமணிதான், அரசே."

சபை திகைத்தது. "ஒரே யானை எப்படி?" என்றான் அரசன்.

கெம்பன் கைகூப்பினான். "மகராசா, கடக்கரையில வெறும் முதுகோட எறக்கத்துல நடக்கவிட்டாங்க. அவங்க கட்டு எங்க கட்டுல ரெண்டு பங்கு. வழியில போட்டத விட்டுட்டு, கோட்டைக்குள்ள போட்ட லத்திய மட்டுந்தான் எண்ணுனாங்க. சமவெளியில வெறும் முதுகோட சமதரையில நடக்கவிட்டாங்க. எங்க ஊர்ல தேக்குமரத்தை இழுத்துக்கிட்டு மலை ஏறுது. போட்டது அத்தனையும் எண்ணிட்டோம்."

அரசன் அரியணையிலிருந்து இறங்கினான். சோலைமணியின் மார்பில் சங்கிலி உராய்ந்த தழும்பு உள்ளங்கை அகலத்துக்கு ஓடியது. அதன்மேல் கைவைத்தான். உள்ளே இதயம் மெதுவாக, முரசுபோல் அடித்தது. யானை துதிக்கையை நீட்டி அவன் தோளில் வெதுவெதுப்பாக மூச்சுவிட்டது.

"அந்த மலையில், அவ்வளவு பாரத்தோடு, அரைக்கட்டுத் தீனிக்கு மூன்று கல்லா!" என்றான் அரசன். "இதையா விரட்டச் சொன்னேன்?"

 தளவாயும் யானையை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

ஆணை அப்போதே ரத்தானது. இனி எல்லாச் சீமைக்கும் ஒரே கட்டு, ஒரே பாரம், ஒரே பாதை என்று முடிவாயிற்று.

"கொண்டல்ராயா, ஒரு கட்டுத் தீனிக்குச் சோலைமணி நடக்கும் தூரம்வரை சாலையோர நிலம் உனக்கே" என்றான் அரசன்.

"மகிழ்ச்சி, அரசே. எந்தச் சீமைக் கணக்கில்?"

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தளவாயின் சீமைக் கணக்கிலேயே வைத்துக்கொள்!"