ஒரு பரிவட்டம், மூன்று தலை

செவ்வந்திக்கோட்டையில் தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும், அன்றைய ஓட்டத்தைக் காத்தவர் தலையில் சுவாமியின் பரிவட்டத்தைக் கட்டுவார்கள். ஒருவருக்குத்தான் கட்டுவார்கள். ஓர் ஆண்டு அதற்கு மூன்று பேர் நின்றார்கள்.

அந்த ஆண்டுதான் தேரோட்டத்தை நடத்தும் பொறுப்பு அனந்தப்பனுக்கு வந்தது. அவருக்கு முன்பு இருந்தவர் எல்லாரையும் ஒரே அதட்டலில் வேலை வாங்கியவர். அனந்தப்பன் ஆளைப் பார்த்துப் பேசினார். வடம் பிடிக்க ஏழு ஊரிலிருந்து வந்த எண்ணூறு பேருக்கு ஒருவரையொருவர் தெரியாது. அவர்களிடம், கொட்டு கேட்டால் இழுக்க வேண்டும், கொடி தாழ்ந்தால் விட வேண்டும், சொந்த யோசனை கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சக்கரத்தின் முன்னே முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் இருவர் வேலை. வலப்புறம் மாடக்கண்ணு, இடப்புறம் சங்கிலி. இருவருக்கும் முப்பது ஆண்டுப் பழக்கம். அவர்களிடம் மட்டும், "கட்டை உங்க பொறுப்பு. நான் வாய் திறக்கமாட்டேன்" என்று ஊர் முன்னிலையில் வாக்குக் கொடுத்தார்.

மூன்று தெரு அப்படியே ஓடியது. மேலத் தெரு முக்கில் சக்கரம் சாக்கடைக்கு ஒரு முழம் வரை போயிற்று. தேர்த்தட்டில் நின்ற அனந்தப்பன் அப்போதும் பேசவில்லை.

வடக்குத் தெரு இறக்கம். வடம் தொய்ந்து தேர் தானாக உருளத் தொடங்கியது. வலச் சக்கரத்துக்கு நேரே, வடம் பிடித்த பெண் ஒருத்தி தடுக்கி விழுந்தாள். கூட்டத்தின் கால்கள் மறைத்ததால் கட்டைக்காரர்களுக்கு அவள் தெரியவில்லை. மேலே நின்றவருக்குத் தெரிந்தாள்.

"ரெண்டு கட்டையும் போடுங்க!"

இறக்கத்தில் இரு சக்கரமும் சட்டென்று நின்றால் தேர் முன்பக்கம் கவிழும். இது கட்டைக்காரர் இருவருக்கும் தெரியும், அனந்தப்பனுக்குத் தெரியாது. சங்கிலி உடனே கட்டையைப் போட்டார். மாடக்கண்ணு போடவில்லை. இடச் சக்கரம் நின்று வலச் சக்கரம் உருண்டதில் தேர் இடப்பக்கம் திரும்பி, ஒரு வீட்டுச் சுவரில் இடித்து நின்றது. வலச் சக்கரம் அவளை விட்டு விலகிப் போனதால் பெண் பிழைத்தாள். தேரின் பாரம் முழுவதும் ஒற்றைக் கட்டையில் இறங்கியதால் சங்கிலியின் இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின.

வாக்கை மீறியாவது ஓர் உயிரைக் காத்தது அனந்தப்பன் என்றார்கள் வடம் பிடித்தவர்கள். கவிழாமல் காத்தது மாடக்கண்ணு என்றார்கள் தேர்த்தச்சர்கள். சங்கிலியின் மனைவி தர்மகர்த்தாவிடம், "விரல் போனது இவருக்கு மட்டும்தானே ஐயா" என்றாள்.

வாக்கை மீறியவர், சொன்னதைக் கேட்டவர், கேட்காதவர். இவர்களில் யார் செய்தது சரி? பரிவட்டம் யாருக்கு?

தர்மகர்த்தா அதைச் சங்கிலிக்குக் கட்டி, காரணமும் சொன்னார். அனந்தப்பன் பேசியது சரி. ஆனால் கண்டதைச் சொல்லாமல், தமக்குத் தெரியாத கட்டை வேலையில் உத்தரவிட்டார். மாடக்கண்ணுவின் கணக்கு சரி. ஆனால் அதில் அந்தப் பெண் இல்லை. சங்கிலிக்குக் கவிழும் ஆபத்தும் தெரியும். மூன்று தெரு பேசாதவர் பேசினால் தம் கண்ணில் படாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பதும் தெரிந்தது. இரண்டையும் எடைபோட்டுக் கட்டையைப் போட்டவர் அவர் ஒருவரே. ஊர் இதை ஏற்றது. மாடக்கண்ணு மட்டும் ஏற்கவில்லை. "நானும் போட்டிருந்தா, பரிவட்டம் கட்ட ஒரு தலையும் மிஞ்சியிருக்காது" என்றார்.