மிதிக்கச் சொன்ன அரிவாள்

ஆடும் மாடும் மட்டுமல்ல, அடுப்படியில் கிடக்கிற இரும்புகூட வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கத்திகளுக்குக் காலும் இருந்தது. குட்டைக் குட்டையான இரும்புக் கால்கள். கத்தியைக் கையில் பிடிக்கவே மனிதர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குக் கறி வந்தால் "வாங்கப்பா" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். கத்திகள் மூலையிலிருந்து எழுந்து வந்து வேலையை முடித்துவிட்டுப் போகும். கொடுத்து வைத்தவர்கள் என்று நமக்குத் தோன்றும். அந்தக் கத்திகளின் வாய்க்கு வாய் பதில் சொல்லிக் குடித்தனம் நடத்தியவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள்.

வேம்பி என்ற பெண்ணின் வீட்டில் மூன்று கத்திகள் இருந்தன. கொல்லுலை வைத்திருந்த அவள் அண்ணன் உலகன், தங்கை கல்யாணத்துக்குச் சீராகத் தன் கையால் அடித்துக் கொடுத்தவை. கனத்த வெட்டுக்கத்தி எலும்பைப் பார்த்துக்கொள்ளும். ஒல்லியான சூரிக்கத்தி தோலுக்கும் ஜவ்வுக்கும் அடியில் நுழைந்து பிரித்தெடுக்கும். வளைந்த அரிவாள் கறியைத் துண்டு போடும். ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று சொல்லித்தான் உலகன் அனுப்பியிருந்தான்.

இன்னொன்றும் சொல்லியிருந்தான். கறி வேலை முடிந்தால் வெந்நீரில் கொழுப்புப் போகக் குளிக்க வேண்டும். சாம்பலால் தேய்த்து, ஈரம் போகத் துணியில் புரண்டு, உடம்பில் துளி நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை கறி வருவதற்குள் தீட்டுக்கல்லில் போய் உரசிக்கொள்ள வேண்டும். வெட்டுக்கத்தியும் சூரியும் இதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அரிவாளும் ஒழுங்காகத்தான் இருந்தது, அந்த வீட்டுப் பூனை அதனிடம் பேச்சுக் கொடுக்கும் வரைக்கும்.

"கல்லுல உரச உரச நீ தேஞ்சுக்கிட்டே போறியே, பார்க்கவே பாவமா இருக்கு" என்றது பூனை. "அந்த ரெண்டு பேரும் மொக்கைங்க, அவங்களுக்குக் கல்லு வேணும். உனக்கு எதுக்கு? உன் வளைவு ஒண்ணு போதாதா?"

பூனையின் கணக்கு வேறு. அரிவாள் கூராக இருந்தால் கறி அலுங்காமல் துண்டாகும், கீழே ஒன்றும் சிந்தாது. மழுங்கினால் சதை பிய்ந்து பிய்ந்து விழும். விழுவதெல்லாம் பூனைக்கு. அரிவாளுக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது? பாராட்டு என்றால் யாருக்குத்தான் கசக்கிறது? அது குளிப்பதை விட்டது, எண்ணெயை விட்டது, கல்லின் பக்கமே போகாமல் இருந்தது. முதுகில் செம்பொட்டாகத் துரு பூத்தது. "பொன்னாட்டம் மின்னுறே" என்றது பூனை. அதையும் நம்பியது.

அப்போது வேம்பி வயிற்றில் முதல் பிள்ளை. தங்கையைப் பார்த்துவிட்டுப் போக உலகன் வந்தான். அண்ணன் வந்த சந்தோஷத்தில் வேம்பி ஊரில் அடித்த வெள்ளாட்டில் ஒரு கூறு வாங்கி வந்து பலகையில் போட்டாள். உலகன் முற்றத்தில் கைகால் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்கப்பா, அண்ணன் பசியோட வந்திருக்கு" என்று கூப்பிட்டாள்.

வெட்டுக்கத்தி நெஞ்செலும்பைத் தறித்துவிட்டு ஒதுங்கியது. சூரி ஜவ்வை எடுக்க ஆரம்பித்தது. அது முடிக்கும் முன்பே அரிவாள் ஓடிவந்து தொடைக்கறியின் மேல் பாய்ந்தது. சதை நைந்ததே ஒழிய அறுபடவில்லை. இன்னொரு முறை பாய்ந்தது. பழைய கொழுப்பு பிசுபிசுத்து வழுக்கியது.

"போய்க் கல்லுல ரெண்டு உரசு உரசிட்டு வா. கறி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றது வெட்டுக்கத்தி.

"எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்" என்றது அரிவாள்.

அண்ணனுக்குச் சோறு தாமதமாகிறதே என்ற தவிப்பில் வேம்பி கறியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொடுத்தாள். அரிவாளுக்கு ரோஷம். சுவரோரம் வரை பின்னால் போய், அங்கிருந்து முழு வேகத்தில் ஓடிவந்து விழுந்தது. மிச்சமிருந்த ஜவ்வில் சறுக்கித் திரும்பி, வேம்பியின் சுட்டுவிரலில் இறங்கிவிட்டது.

அவள் போட்ட சத்தத்தில் உலகன் ஈரக் காலோடு உள்ளே ஓடிவந்தான். மஞ்சளை அப்பித் துணியால் இறுக்கிக் கட்டினான். பிறகு அரிவாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தான். துருவும் அழுக்குமாக அது இருந்த கோலத்தைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூனை அதற்குள் கூரைக்கு ஏறிவிட்டது.

"உன்னை நெருப்புலருந்து எடுத்தவன் நான்தான். திரும்பப் போடவும் எனக்குத் தெரியும். உருக்கி லாடமா அடிச்சு மாட்டுக் காலுக்குப் போட்டுடறேன்" என்றான்.

"வேணாம்ணே" என்றாள் வேம்பி. விரலில் வலி தெறித்தது, கண்ணில் நீர் நிற்கவில்லை. இருந்தாலும் சொன்னாள்: "பொறந்த வீட்டு இரும்புண்ணே."

"இன்னைக்கு விரல். நாளைக்குப் பிள்ளையைத் தரையில போட்டுட்டுத் தண்ணிக்குப் போவே. ஓடிப் பழகுன கத்தி சும்மா கிடக்குமா?"

வேம்பியின் கை தன்னால் வயிற்றின் மேல் போனது.

அந்தக் கையை அரிவாள் பார்த்தது. துணியில் ஊறிக்கொண்டிருந்த ரத்தத்தையும் பார்த்தது. பிறந்ததிலிருந்து அதற்கு வெட்கம் வந்ததே அன்றைக்குத்தான்.

"மாமா சொல்றது சரிதான் ஆத்தா" என்றது அரிவாள். "பிள்ளை தவழுற வீட்டுல கால் முளைச்ச கத்தி இருக்கக் கூடாது. என் காலை எடுத்துடுங்க. ஒரு மனைக்கட்டையில என்னை அறைஞ்சுடுங்க. இனி நான் கறியைத் தேடி ஓட மாட்டேன், கறி என்கிட்ட வரட்டும்."

"கட்டையோட சேர்த்துத் தாவுனா?" என்றான் உலகன்.

"ஆத்தா என்மேல காலை வச்சு மிதிச்சுக்கட்டும்."

வேம்பி பதறிப்போனாள். "அரிவாளை மிதிக்கிறதா? அரிசி மேல, முறத்து மேல கால் பட்டாலே கன்னத்துல போட்டுக்கிறவ நான். சோறு போடுற இரும்பை மிதிச்சா அடுக்குமா?"

"நீ மிதிச்சாத்தான் நான் அசையாம இருப்பேன் ஆத்தா. நான் அசையாம இருந்தாத்தான் உன் விரல் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். கூட்டத்துல பிள்ளை கையை இறுக்கிப் பிடிச்சுக்கிறாங்களே, அப்படி நினைச்சுக்க." இன்னொன்றும் சொன்னது: "வேலை முடிஞ்சா என்னைக் குளிப்பாட்டித் தொடைச்சுப் படுக்கப் போட்டுடு. நிக்க விடாதே. நின்னா எனக்கு ஓடத் தோணும்."

உலகன் அரிவாளைக் கீழே வைத்தான். அப்புறம் எழுந்து போய் வேப்பங்கட்டை ஒன்றைச் செதுக்கினான். அரிவாளின் கால்களைத் தட்டி எடுத்தபோது அது முனகக்கூட இல்லை. துருவைச் சுரண்டி, கல்லில் தீட்டி, கட்டையில் நிமிர்த்தி அறைந்து தங்கை முன்னால் வைத்தான்.

வேம்பி கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு காலை மடக்கி உட்கார்ந்தாள். மற்றக் காலைத் தயங்கித் தயங்கி அதன்மேல் வைத்தாள். பாதத்துக்கு அடியில் அரிவாள் ஒரு முறை நடுங்கியது அவளுக்குத் தெரிந்தது. அழுத்தினாள். நடுக்கம் நின்றது. கறியை இரண்டு கையாலும் அதன் வாயில் கொடுத்தாள். சத்தமே இல்லாமல் துண்டு இரண்டாகப் பிரிந்தது.

அதன் பிறகு அரிவாள் பேசவில்லை. அதைப் பார்த்து வெட்டுக்கத்தியும் சூரியும் தாங்களாகவே நடையை விட்டு, மனிதர் கைக்குள் போய் அடங்கிவிட்டன. பூனை மட்டும் கூரையிலிருந்து இறங்கி எதிரே வந்து உட்கார்ந்து, யாராவது ஏதாவது போடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது, வெட்கம் கெட்ட ஜென்மம்.

அன்றைக்கு வந்த வழக்கம்தான் இது. முறத்தில் கால் பட்டாலும் பதறித் தொட்டுக் கும்பிடுகிற நாம், அரிவாள்மனையை மட்டும் மிதித்துக்கொண்டு உட்காருகிறோம், வேலை முடிந்ததும் ஓரமாகப் படுக்கவைக்கிறோம். அது அப்படிக் கேட்டுக்கொண்டது.